நுரை அடங்கிய வெள்ளைப் பொடி

பேரியம் கார்பனேட் வெள்ளைப் பொடி. அதை மாவில் பிசைந்து உருட்டி எலிக்கு வைப்பார்கள். பேரியம் சல்பேட்டும் வெள்ளைப் பொடிதான். அதைத் தண்ணீரில் கலக்கி ஆஸ்பத்திரியில் மனிதருக்குக் குடிக்கக் கொடுப்பார்கள், எக்ஸ்ரேயில் வயிறு தெரிவதற்காக. இரண்டையும் தனித்தனித் தாளில் கொட்டி உங்கள் முன்னால் வைத்தால் எது எது என்று உங்களால் சொல்ல முடியாது. லேப் வேலையிலேயே இருந்த எனக்கும் முடியாது. முதல் பொடி வயிற்றில் இருக்கும் அமிலத்தில் கரைந்து ரத்தத்தில் சேர்ந்துவிடும். இரண்டாவது எதிலும் கரையாது, போன வழியே வெளியே வந்துவிடும். முதலாவதை இரண்டாவதாக மாற்றும் வேலையை ஒரு தடவை என்னிடம் கொடுத்தார்கள். நான் அதை எப்படிச் செய்தேன் என்பதைத்தான், பிள்ளைகளா, உங்களுக்கு எழுதுகிறேன். உங்கள் அம்மாவுக்குப் பாதி தெரியும். மீதியை இதில் படித்துக்கொள்ளட்டும்.

ஐம்பதுகளின் கடைசி அது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் அட்டெண்டராக இருந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். குப்பிகளைக் கழுவுவது, அமிலங்களைத் தண்ணீர் சேர்த்து நீர்க்க வைப்பது, பையன்களின் பரிசோதனைக்கு வேண்டிய உப்புகளைத் தயாரித்து வைப்பது என் வேலை. மயில்துத்தம் வேண்டுமென்றால் பச்சை நிறத்தில் இருக்கும் தாமிரக் கார்பனேட்டை எடுத்து, நீர்த்த கந்தக அமிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவேன். போட்டதும் ஸ்ஸ் என்று நுரைத்துக்கொண்டு வரும். நுரை அடங்கிவிட்டால் வேலை முடிந்தது. வடித்து, சுண்ட வைத்தால் நீல நிறத்தில் கட்டிகட்டியாக உப்பு வந்துவிடும். துத்தநாக உப்பும் அப்படித்தான். புத்தகத்தில் என்ன எழுதியிருந்தாலும் என்னைப் போன்றவர்களுக்கு வேதியியல் என்றால் அந்த ஒரு விதிதான். நுரைக்கிற வரைக்கும் நடக்கிறது, நுரை நின்றால் முடிந்தது.

பேரியம் கார்பனேட்டும் எனக்குப் பழக்கம்தான். பள்ளிக்கூடத்துச் சமையல் கட்டில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குள் எலி வரும்போது நான்தான் மாவு உருண்டை செய்து வைப்பேன். அதைத் தின்ற எலி இருட்டுக்குள் போய்ச் சாகாது. பட்டப்பகலில் வெளியே வரும். பின்னங்கால்கள் இரண்டும் வராமல், முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போகும். நாம் பக்கத்தில் நின்றால்கூட ஓடாது. நம்மை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் இழுக்கும்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. கீழேயிருந்து எதுவும் மேலே வரவில்லை. அந்த நேரத்தில் பேத்துப்பாறையிலிருந்து ஓர் அம்மாவைக் கட்டிலோடு நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். நாற்பது வயது இருக்கும். பூண்டு வெள்ளாமைக் குடும்பம். சாப்பிட்டது எதுவும் வயிற்றை விட்டு இறங்காமல், இரண்டு நாள் கழித்துச் சாப்பிட்டபடியே வாந்தியாக வந்துகொண்டிருந்தது. கட்டிலில் கிடந்தவர் பிடி எலும்பாக இருந்தார். வயிற்றில் எந்த இடத்தில் அடைப்பு என்று தெரியாமல் எதுவும் செய்ய முடியாது என்றார் டாக்டரம்மா. எக்ஸ்ரே மெஷின் இருந்தது. குடிக்கக் கொடுக்கும் பொடி தீர்ந்துபோய்விட்டது. புது டப்பா மதுரையில் கிடந்தது. டாக்டரம்மா எங்கள் பள்ளிக்கூடத்து ரசாயன ஆசிரியருக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்பினார்.

சார் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு அலமாரியைத் திறந்தார். பேரியம் உப்புகளில் கார்பனேட் மட்டும்தான் இருந்தது. ஒரு தாளில் செய்முறையை எழுதி என்னிடம் கொடுத்தார்.

"மொதல்ல ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல பூராவும் கரைச்சிரு. ஒரு துளி கரையாம நிக்கக் கூடாது. வடிகட்டு. அப்புறந்தான் கந்தக அமிலத்தை ஊத்தணும். வெள்ளையா அடியில உக்காரும். பத்துத் தடவ கழுவிக் காய வையி. புரியுதாப்பா?"

"புரியுது சார்."

புரிந்தது. ஆனால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் குப்பியில் கால்வாசிதான் இருந்தது. பையன்களின் செய்முறைத் தேர்வுக்கு அதை விட்டால் வேறு இல்லை. பாதை எப்போது திறக்கும் என்றும் தெரியாது. தவிர, எனக்கு ஓர் எண்ணம் வந்தது. கடைசியில் கந்தக அமிலம்தான் சேரப்போகிறது. எதற்கு இரண்டு அமிலம்? தாமிரத்துக்கும் துத்தநாகத்துக்கும் நேராகத்தானே ஊற்றுகிறோம்? சாருக்கு அமிலத்தை மிச்சப்படுத்திக் கொடுத்த மாதிரியும் இருக்கும் என்று நினைத்தேன்.

பீக்கரில் பொடியைப் போட்டு, நேராக நீர்த்த கந்தக அமிலத்தை ஊற்றினேன். நுரைத்தது. கண்ணாடிக் குச்சியால் கிண்டினேன். வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே நுரை அடங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. அந்த நேரத்தில் ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்துவிட்டது. எங்கள் லேபில் அது எப்போதும் நடப்பதுதான். ஆனால் அன்றைக்கு அது வந்த பிறகு அவ்வளவு பெரிய கட்டடத்தில் எந்தச் சத்தமும் இல்லை. பையன்கள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. பீக்கரும் வெள்ளை, ஜன்னலும் வெள்ளை. எனக்கு என்னவோ போல் இருந்தது. சீக்கிரமாக வடித்துக் கழுவி, சுடு மணல் சட்டியின் மேல் காய வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன்.

மறுநாள் சார் வந்து ஒரு சிட்டிகையைச் சோதனைக்குழாயில் போட்டு, அமிலம் இரண்டு சொட்டு விட்டு, குழாயைக் காதில் வைத்துக் கேட்டார். கார்பனேட் மிச்சம் இருந்தால் நுரைக்கும் சத்தம் கேட்கும். எனக்கும் காதில் வைத்துக் காட்டினார். சத்தமே இல்லை.

"தாள்ல எழுதுன மாதிரிதான பண்ணுன?"

"ஆமா சார்."

அதுதான் நான் சொன்ன பொய். சொல்லும்போது அது பொய் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. வந்து சேரவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம், வழி எதுவாக இருந்தால் என்ன என்றுதான் இருந்தது.

பொடியை வாங்கிப்போன ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் அடுத்த நாள் காலை வெள்ளனே திரும்பி வந்தார். பழனிக்காரர். வாய் சும்மா இருக்காது.

"ஏலே, என்னடா இது, ஆத்து மணலு மாதிரி நறநறங்குது? டாக்டரம்மா மாவாட்டம் வேணும்ங்கிறாங்க. வெரசா அரைச்சுக் குடு. பேசண்டு ராத்திரியிலருந்து பட்டினி."

கல்வத்தில் போட்டு அரைத்தேன். நன்றாகவே அரைத்தேன். விரலில் தொட்டால் பட்டுப்போல் இருந்தது. அவர் புட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

"இத எங்க ஊர் அடிவாரத்துல மடிச்சு வித்தா விபூதின்னு நெத்தி பூரா பூசிட்டுப் போயிருவான். பேசாம வாடா, ரெண்டு பேரும் கடை போட்ரலாம்."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் கல்வத்தைக் கழுவ எடுத்தேன். உள்ளே வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதை இளக வைக்க, எப்போதும் செய்கிற மாதிரி, பரிசோதனையில் மிஞ்சியிருந்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கொஞ்சம் விட்டேன்.

ஸ்ஸ் என்று ஒரு சத்தம் கேட்டது.

முதலில் ஜன்னல் பக்கம் திரும்பினேன். பிறகு ஸ்டவ்வைப் பார்த்தேன், அது அணைந்திருந்தது. லேபில் என்னைத் தவிர யாரும் இல்லை. ஆனால் யாரோ பல்லிடுக்கில் மூச்சு விடுவது போல அந்தச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. கல்வத்தின் மேல் குனிந்து காதை வைத்தேன். அதற்குள்ளிருந்துதான். முந்தின நாள் சாரும் நானும் மாறி மாறிக் கேட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பிய பொடி அது. இப்போது அதன் மேல் சின்னச் சின்னக் குமிழிகள் வந்து உடைந்துகொண்டிருந்தன.

என்ன நடந்தது என்பதைச் சார் எனக்குப் பிறகு சொன்னார். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். தாமிரக் கார்பனேட்டில் அமிலம் பட்டால் உண்டாகிற புது உப்பு தண்ணீரில் கரைந்து விலகிப் போய்விடும். உடனே உள்ளே இருப்பது அமிலத்துக்கு அகப்படும். இப்படியே கடைசிவரை போகும். ஆனால் பேரியத்தில் உண்டாகிற உப்பு கரையாதது. அது விலகாது. உண்டான இடத்திலேயே ஒவ்வொரு மணியின் மேலும் ஓடு மாதிரி மூடிக்கொள்ளும். அமிலம் உள்ளே போக முடியாது. நுரை நின்றுவிடும். உள்ளே பழைய விஷம் அப்படியே இருக்கும். அதனால்தான் முதலில் இன்னோர் அமிலத்தில் முழுவதும் கரைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். நான் அரைத்தபோது அந்த ஓடுகளையெல்லாம் உடைத்துவிட்டேன்.

இதெல்லாம் அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரியாது. உள்ளே எலி மருந்து இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

ஆஸ்பத்திரி ஏரிக்கு அந்தப் பக்கம். ஓடினேன். மேகம் பாதை வரைக்கும் இறங்கியிருந்தது, நான்கடிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஏரி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. மேலே பைன் மரங்களில் காற்று ஸ்ஸ் என்று போய்க்கொண்டே இருந்தது. கல்வத்தில் கேட்ட அதே சத்தம். நான் ஓடினால் கூடவே வந்தது. நின்றாலும் வந்தது. ஒரு தடவை பயந்து போய், "யாரு?" என்று கேட்டுவிட்டேன். சாலையின் ஓரத்தைக் காலால் தடவித் தடவி ஓடினேன்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் டாக்டரம்மா எதிரே வந்தார். கண்ணில் சிவப்புக் கண்ணாடி. இருட்டறையில் எக்ஸ்ரே பார்க்கும் முன்னால் கண்ணைப் பழக்குவதற்காக அரைமணி நேரம் அதைப் போட்டுக்கொண்டுதான் நடமாடுவார். எனக்குத் தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் அந்த வெள்ளை மூட்டத்துக்குள்ளிருந்து இரண்டு சிவப்பு வட்டங்கள் என்னை நோக்கி வந்தபோது இரண்டடி பின்வாங்கிவிட்டேன்.

"அந்தப் பொடி வேண்டாம்மா. நான் தப்பாப் பண்ணிட்டேன். உள்ள கார்பனேட் இருக்கு."

அவர் திட்டவில்லை. திரும்பி அறைக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன். அந்த அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் டம்ளர். உதட்டில் வெள்ளை.

"எவ்வளவு குடிச்சீங்க?"

"ரெண்டு மடக்குதாம்மா. வெத்தல இல்லாம வெறுஞ் சுண்ணாம்பத் திங்கிற மாதிரி இருக்கு. இந்தா, குடிச்சிர்றேன்."

டாக்டரம்மா டம்ளரைப் பிடுங்கினார். கம்பவுண்டரைப் பார்த்து, "பேதி உப்பு. க்விக்!" என்றார். பேதி உப்பும் ஒரு சல்பேட்தான். தண்ணீரில் கரைகிற சல்பேட். வயிற்றுக்குள் கரைந்துகொண்டிருக்கும் பேரியத்தை அது அங்கேயே பிடித்துக் கரையாத உப்பாக மாற்றிவிடும். நான் பீக்கரில் சரியாகச் செய்யாத வேலையை அந்த அம்மாவின் வயிற்றுக்குள் செய்து முடிக்க வேண்டியிருந்தது. பெரிய டம்ளரில் கசக்கக் கசக்கக் குடித்தார். வாந்தி எடுத்தார். மறுபடியும் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு காத்திருப்பதுதான். டாக்டரம்மா நாடியைப் பார்த்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போவார், மறுபடியும் வருவார். என்னை யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. சுவரோரம் நின்றேன். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். கம்பளிக்குள்ளிருந்து முகம் மட்டும் தெரிந்தது. வெகு நேரம் கழித்துக் கேட்டார்.

"தம்பி, அது கெழங்குக் குடோன்ல எலிக்கு வைக்கிறதுங்களா?"

"ஆமாங்க."

"நானும் வச்சிருக்கேன்." கம்பளியை இழுத்து மூடிக்கொண்டே, "எலி எம்புட்டு நேரத்துல சாவும்?"

பொய் சொல்ல வாய் வந்தது. இந்தத் தடவை சொல்லவில்லை. "பொழுது சாயுறதுக்குள்ளங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே பொழுது எவ்வளவு ஆகியிருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. வெளிச்சம் காலையிலிருந்து ஒரே மாதிரி சாம்பலாக இருந்தது.

மத்தியானம் அந்த அம்மா, "ஒதடு மரத்துக் கெடக்கு" என்றார். பிறகு, "காலு எங்க கெடக்குன்னே தெரியல" என்றார். சொல்லிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமான பார்வை இல்லை அது. எலி பார்த்த பார்வை. அதை நான் உங்களுக்கு வேறு எப்படியும் சொல்ல முடியவில்லை.

டாக்டரம்மா போர்வையை விலக்கிப் பாதத்தை அழுத்தி, "விரலை அசைங்க" என்றார். அசையவில்லை. மறுபடியும் பேதி உப்பு. அரைமணிக்கு ஒரு தடவை, "விரலை அசைங்க." எனக்கு அந்தப் பத்து விரல்களைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. விளக்குப் போட்ட நேரத்துக்கு வலது காலின் சுண்டுவிரல் அசைந்தது. நான் பார்த்தது நிஜம்தானா என்று சந்தேகமாக இருந்தது. அதற்குள் வீட்டுக்காரர், "ஆடுச்சு! ஏம்மா, ஆடுச்சும்மா!" என்று கத்திவிட்டார். பிறகு மற்ற விரல்களும் ஒவ்வொன்றாக வந்தன.

அன்று இரவே சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "அமிலம் மிச்சம் பிடிச்சியா?" என்று மட்டும் கேட்டார். தேர்வுக்கு வைத்திருந்த குப்பியை எடுத்து மேஜையில் வைத்தார். மறுநாள் அவர் பக்கத்திலேயே இருக்க, ஒரு துளி மிச்சமில்லாமல் கரைத்து, வடித்து, தெளிந்த தண்ணீர்போல் இருந்ததில் கந்தக அமிலத்தை விட்டேன். ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து வெள்ளை பால்போல் கிளம்பிக் கீழே உட்கார்ந்தது. கழுவிக் காயவைத்து, அரைத்த பிறகே சோதித்தோம். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சோதனைக்குழாயின் மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நெஞ்சைச் சோதிப்பதுபோல நெடுநேரம் கேட்டுவிட்டு, "சைலன்ட்" என்றார்.

அந்த அம்மா டம்ளரை வாங்கவில்லை. என்னைக் கையால் காட்டினார்.

"அவரு குடிக்கட்டும். குடிச்சிட்டு உசுரோட இருந்தா நான் குடிக்கிறேன்."

"நீ சும்மா இரும்மா" என்றார் வீட்டுக்காரர். ஆனால் அவரும் என்னைத்தான் பார்த்தார்.

குடித்தேன். சுண்ணாம்பு மாதிரிதான் இருந்தது. டாக்டரம்மா சட்டையைக் கழற்றச் சொல்லி, இருட்டறையில் மெஷினுக்கு முன்னால் என்னை நிறுத்தினார். அந்த அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். விளக்கை அணைத்தார்கள். என் நெஞ்சின் முன்னால் இருந்த கண்ணாடித் திரை மெல்லப் பச்சையாக வெளிச்சம் விட்டது. அதில் விழுந்த உருவத்தை என்னால் பார்க்க முடியாது. அவர்கள் பேசுவதைத்தான் கேட்டேன்.

"யாத்தே, எலும்பு" என்றார் அந்த அம்மா.

"இன்னொரு மடக்குக் குடிங்க" என்றார் டாக்டரம்மா. விழுங்கினேன்.

"கறுப்பா எறங்குது" என்றார் வீட்டுக்காரர், மிகவும் மெதுவாக. "வெள்ளையாத்தான குடிச்சாரு. உள்ள கறுப்பால்ல போகுது."

"திரையில அப்படித்தான் தெரியும்."

"அந்தா துடிக்குதே, என்னம்மா அது?"

"அவரோட ஹார்ட்."

இருட்டில் என் உடம்புக்குள் பார்த்துக்கொண்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அந்த அம்மாவின் குரல் வந்தது. "கொண்டாங்க, குடிக்கிறேன்."

அடைப்பு இரைப்பையின் கடைசியில் என்று தெரிந்தது. பாதை திறந்ததும் மதுரைக்கு அனுப்பினார்கள். ஆபரேஷன் நடந்தது. அடுத்த பூண்டு அறுவடைக்குள் ஊருக்குத் திரும்பி வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அவர்களை அடிக்கடி பார்ப்பேன். சாக்கு விரித்துப் பூண்டைக் குவித்து வைத்து உட்கார்ந்திருப்பார்கள். உடம்பு நன்றாகத் தேறியிருந்தது. பக்கத்தில் டீ இருந்தால், என்னைக் கண்டதும் அந்த அம்மா டம்ளர் வாயைக் கையால் பொத்திக்கொள்வார்.

"யாத்தே, வந்துட்டாரு. ஏங்க, என் டீயப் பாத்துக்கங்க."

வீட்டுக்காரர் சிரிப்பார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் கதை தெரியும், அவர்களும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். நலமா என்று கேட்பேன், நலம் என்பார். பூண்டு வேண்டுமா என்பார்.

ஆனால் அந்தக் கையை எடுக்கமாட்டார். நான் அங்கே நின்று பேசுகிற வரைக்கும், அவர்கள் கடையைத் தாண்டி அடுத்த வரிசைக்குப் போகிற வரைக்கும், அது டம்ளரின் மேலேயே இருக்கும். ஒரு தடவைகூட அவர் அதை முன்னதாக எடுத்து நான் பார்த்ததில்லை.